திராட்சைத் தண்ணி வைத்த மே மாதம்

மே மாதம் முழுக்க எங்கள் தெருவில் மாதா வீடு வீடாகப் போவாள். இன்று ஒரு வீடு என்றால் நாளை அடுத்த வீடு. பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் மாதாவின் சிலையை, நாங்கள் சுரூபம் என்போம், சுமந்து பாடிக்கொண்டே வருவார்கள். அந்த வீட்டில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவார்கள். முடிந்ததும் வீட்டுக்காரர்கள் குடிக்கவோ கொறிக்கவோ ஏதாவது கொடுப்பார்கள். திண்டுக்கல்லில் கிறிஸ்தவத் தெருக்களில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே பக்தி பாதி, கடைசியில் கிடைக்கிற அந்தத் தம்ளர் மீதிப் பாதி. யார் வீட்டுச் சுண்டலில் உப்பில்லை, யார் வீட்டுப் பானகத்தில் சுக்குத் தூக்கல் என்பதெல்லாம் அடுத்த மே வரைக்கும் பேசப்படும்.

எங்கள் வீட்டு முறை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்கு மட்டும் கூட்டம் வாசல் தாண்டி நிற்கும். அம்மா போடும் திராட்சைத் தண்ணிதான் காரணம்.

சின்னாளபட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பன்னீர் திராட்சை வரும். அப்பா சைக்கிள் கேரியரில் ஓலைக்கூடையை வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். அம்மா அதை உப்புத் தண்ணீரில் அலசி, குலையிலிருந்து உதிர்த்து, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுப்பில் வைப்பாள். தோல் வெடிக்கிற பதம் வந்ததும் இறக்கி ஆறவிட்டு, கையால்தான் பிசைவாள். ஆட்டுக்கல் பக்கமே கொண்டுபோக மாட்டாள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சிறுமலை எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையோடு ஒரு சிட்டிகை உப்பும் போடுவாள். அதை ஒரு எனாமல் வாளியில் ஊற்றி, கொல்லையில் ஈர மணலுக்குள் பாதி புதைத்து, மேலே நனைந்த சாக்கைச் சுற்றி வைப்பாள். வெள்ளை வாளி, விளிம்பு நீலம், அடியில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கும்.

இலை போடுவது கடைசியில்தான். கொல்லையில் உடைந்த பானைகளிலும் தகர டின்களிலும் அம்மா புதினாவும் திருநீற்றுப் பச்சிலையும் வைத்திருந்தாள். தெரு முனையில் பாட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் போய்ப் பறிப்பாள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டி வாளிக்குள் போடுவாள். முன்கூட்டியே போட்டால் இலை கறுத்துவிடும், வாசனை போய்விடும். ஊறிய சப்ஜா விதை மேலே மிதக்கும். குடித்தால் முதலில் திராட்சை வரும், பிறகு எலுமிச்சை, தொண்டைக்குள் இறங்கியதும் அந்த இலை மேலே ஏறி மூக்குக்கு வரும். இப்போது என் பேத்தி இதே சாமான்களைப் போட்டு, மேலே சோடா ஊற்றி, தம்ளர் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைச் செருகி, மாக்டெய்ல் என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம், அம்மா குவைத்துக்குப் போனாள்.

அம்மா நர்ஸ் படிப்புப் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்த்த ஒருத்தி குவைத்துக்குப் போய், இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டார். அம்மா அதைச் சொன்னபோது, சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "போயிட்டு வா. படிச்ச படிப்பு வீணாவா போறது? நான் பாத்துக்கிறேன்" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பாதான் போகச் சொன்னார் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். ஊர் வேறு மாதிரி பேசியது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த தெருவில் இருந்தார். அம்மா ரயிலேறிய மறுநாளே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"ஏன்டா, பொண்டாட்டிய சீமைக்கு அனுப்பிப்புட்டு ஒனக்குச் சோறு எறங்குதாடா? நாளைக்கு இந்தப் புள்ள பெரிய மனுசியானா யாருடா பாக்குறது?"

"நான் பாத்துக்கிறேன்க்கா."

"கிழிச்ச. அவ பேச்சக் கேட்டு ஆடுற. ஆடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்னபடியே மிதிக்கவில்லை. அத்தை பேச்சை நிறுத்தியதும் தெருவில் மற்றவர்களும் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. அப்பா சைக்கிளில் போனால் பாத்திரம் கழுவுகிறவர்கள் பாத்திரத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

கோடை விடுமுறைக்கு என்னை வத்தலக்குண்டில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. தெருவில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். கிளம்புவதற்கு முன்னால் அங்கே பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தகவல் வந்தது. பயணம் நின்றுபோனது. அப்பாவுக்கோ பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, அது முடிந்ததும் ஒரு டுடோரியலில் வகுப்பு. காலையில் போனால் வெயில் தாழ்ந்துதான் திரும்புவார். பத்து வயதுப் பெண்ணைத் தனியாக விட்டுப் போக அவருக்கு வேறு வழி தெரியவில்லை. என்னை உள்ளே வைத்து வெளியில் பூட்டிவிட்டுப் போனார்.

"யாரு கூப்புட்டாலும் சத்தங் குடுக்காத தாயி. வீட்டுல ஆள் இருக்குன்னே தெரியக் கூடாது. சாயங்காலம் அப்பா வந்துருவேன்."

எங்கள் ஊர்ப் பூட்டு, உள்ளங்கை அகலம். சாவி திரும்பும்போது உள்ளே இருக்கிற எனக்கு அந்தச் சத்தம் கதவுப் பலகை வழியாக வந்து சேரும். பிறகு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது.

இதைச் சொன்னால் இப்போது என் மகள் பதறுகிறாள். அப்போது எனக்குப் பயமாக இருந்ததில்லை. நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதுபோல என்னையும் பூட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பகல்தான் நீளமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் புகையிலை மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, மறுபக்கம் சந்து. மதியம் ஆனால் கிட்டங்கிச் சுவர் சூடேறி, புகையிலையின் காட்டமான இனிப்பு வாசனை வீட்டுக்குள் நிறைந்துவிடும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு வயிற்றுக்குள் ஒரு பகல் பொழுது திறந்துகொள்கிறது. அப்பா வடித்து வைத்துவிட்டுப் போன சோற்றைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தட்டைக் கழுவிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று மறுபடியும் கழுவுவேன். அம்மாவின் சேலை ஒன்று கொடியிலேயே கிடந்தது. அதை நாங்கள் யாரும் எடுத்து மடிக்கவில்லை.

பேச ஆள் இல்லாததால் கொல்லையில் செடிகளோடு பேசினேன். கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்டது. கொல்லைக் குழாயில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, அரிசி கழுவியதையும் முகம் கழுவியதையும் மிச்சப்படுத்தி அந்தத் தகர டின்களில் ஊற்றுவேன். புதினா ஓரமெல்லாம் கருகியது. திருநீற்றுப் பச்சிலை மட்டும் பூவும் கதிருமாகக் கொழுத்து நின்றது. தொட்டால் கையெல்லாம் வாசனை. அம்மா அதைக் கசக்கிய கையோடுதான் என் தலையைத் தடவுவாள். நான் என் கையையே மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அப்பா என்னைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போகவில்லை. சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சந்து வழியாகவே போய், ஊருக்கு வெளியே வயல்காட்டில் இருந்த சின்னக் கோயிலுக்குப் போவார். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. "வீட்டம்மா எப்ப வாரா, காகிதம் போட்டாளா" என்று கேட்க யாரும் இல்லை. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். திரும்பும்போது மட்டும் லேசாக விசில் அடிப்பார்.

மே பிறந்து சில நாள் போயிருக்கும். மதியத்துக்கு மேல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் கதவோரமாகத்தான் படுத்திருந்தேன், தரை அங்கேதான் குளிர்ச்சி. வந்தவர் பாட்டுக்காரம்மா. ஊர்வலத்தில் முதல் அடி எடுத்துப் பாடுவது அவர்தான், எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை சொல்வதும் அவர்தான். அவருடைய குரல் எனக்கு நன்றாகத் தெரியும். கூட ஜவுளிக்கடை வீட்டம்மா.

"பூட்டியில்ல கெடக்கு."

"எப்பவும் பூட்டித்தான் கெடக்கு. வாத்தியாரு பொழுதுபட வருவாரு, கதவச் சாத்திக்குவாரு. புள்ளையத்தான் வத்தலக்குண்டுக்கு அனுப்பிப்புட்டாகளே."

"பாவம் அந்தப் புள்ள. ஆத்தாளும் இல்லாம, அப்பனும் இல்லாம."

"ஆத்தாளுக்கு என்ன, அங்க தினுசு தினுசாச் சேலை கட்டிக்கிட்டுத் திரியுவா. விடுங்க. பொம்பள இல்லாத வீட்டுல போயி மாதாவ எங்கிட்டு எறக்குறது? அவருக்கும் செரமம். இந்த வருசம் இந்த வீட்டத் தாண்டிப் போயிருவோம். கடைசிச் சனிக்கெழமைய நான் எடுத்துக்கிறேன்."

"சொல்லிருவமா அவருகிட்ட?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவாரு. சொல்லாமப் போறதுதான் மருவாதி."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் குரலில் பரிவுதான் இருந்தது. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பலகைதான். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சத்தம் கொடுக்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். செருப்புச் சத்தம் போய்விட்டது.

அன்று அப்பா வந்ததும் சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டு, மாதா வரமாட்டாள் என்பதை மட்டும் சொன்னேன்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீ சரியாக் கேட்டிருக்க மாட்ட ஆத்தா. வருசா வருசம் வார மாதா. நம்ம வீட்டத் தாண்டிப் போவாகளா?"

"இல்லப்பா, அவுக சொன்னாக."

"மனுசங்க ஆயிரம் பேசுவாக. மாதாவ வச்சு வெளையாட மாட்டாக."

கணக்கில் ஒரு சின்னத் தப்பைக்கூடக் கண்டுபிடித்து வட்டம் போடுகிற மனிதர், இதைத் தப்பாகப் போட்டார். நான் திரும்பச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அம்மா போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் கூடை நிறையத் திராட்சையோடு வந்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வீட்டை ஒட்டடை அடித்தார், சுவரில் கை எட்டுகிற வரை சுண்ணாம்பு பூசினார், மேசையைச் சுவரோடு நகர்த்தி அம்மாவின் வெள்ளைச் சேலையை விரித்து மேடை கட்டினார். பக்கத்துக் கிட்டங்கியில் கேட்டு இரண்டு பாய் வாங்கி வந்தார். வேலை செய்யச் செய்ய அந்த விசில்.

திராட்சையை வேகவைத்த வரைக்கும் சரியாகத்தான் போனது. ஆறியதும் நான் கையை விட்டுப் பிசையத் தொடங்கினேன். என் கை சின்னது, அரைக்கூடைகூட ஆகவில்லை, விரல் வலித்தது.

"இது வேலைக்காகாது. நேரமாயிரும்" என்று அப்பா எல்லாவற்றையும் அள்ளி ஆட்டுக்கல்லில் போட்டார்.

"அம்மா ஆட்டுக்கல்லுல போட மாட்டாங்கப்பா."

"அவளுக்குக் கையி பழக்கம். நமக்கு எது வருதோ அதான்."

குழவி சுற்றச் சுற்றக் கொட்டை நொறுங்குகிற சத்தம் கேட்டது. வடிகட்டிய சாறு பார்க்க அதே நிறம்தான். வாயில் வைத்தால் நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. அப்பா சர்க்கரை போட்டார். மறுபடியும் போட்டார். எலுமிச்சை இன்னும் நாலு பிழிந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வாய் கொடுத்து என் முகத்தையே பார்த்தார். "நல்லாருக்குப்பா" என்றேன். இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மணலில் புதைத்தோம்.

வெயில் தாழ்ந்தது. அப்பா குளித்து, வெள்ளை வேட்டி சட்டை உடுத்தி, கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றார். நாளெல்லாம் பூட்டியிருந்த கதவு அப்படித் திறந்து கிடப்பது எனக்கே புதிதாக இருந்தது. தெரு முனையில் பாட்டுக் கேட்டது. அப்பா என் பக்கம் திரும்பி, "எல, எல! ஓடு" என்றார்.

நான் கொல்லைக்கு ஓடி இலையைப் பறித்தேன். அம்மா மாதிரியே கைக்கு நடுவில் வைத்துத் தட்டினேன். வாளிக்குள் போட்டுவிட்டு ஓடி வந்து நடுக்கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளிச்சம் முதலில் வந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் விளக்குக்காரரின் நிழல் எங்கள் சுவரில் நீளமாக விழுந்தது. பிறகு பாட்டு. பிறகு மாதாவின் நீலத் துணி கதவுச் சட்டத்துக்குள் தெரிந்தது. அப்பா கையைக் கூப்பினார்.

நீலத் துணி கதவுச் சட்டத்தின் மறுபக்கம் போய் மறைந்தது.

பாட்டு நிற்கவில்லை. பெண்கள் தலையில் முக்காட்டோடு தரையைப் பார்த்தபடி போனார்கள். அப்பா கூப்பிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். கடைசி ஆளும் தாண்டிய பிறகுதான் கை இறங்கியது. நான்கு வீடு தள்ளிப் பாட்டுக்காரம்மா வீட்டில் பாட்டு உள்ளே போய் மங்கியது.

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் சேலை விரித்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்தார். பாயில் முழங்காலிட்டார். "வா ஆத்தா. நாம சொல்லுவோம்" என்றார். ஜெபத்தின் முதல் பாதியை அவர் சொன்னார், இரண்டாம் பாதியை நான் சொன்னேன். நாற்பது பேர் சொல்ல வேண்டிய பதிலை ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தெருவில் அவர்கள் சொல்வதும் காற்றில் வந்தது. சில நேரம் அது எங்களோடு சேர்ந்துகொள்ளும், பிறகு விலகிவிடும்.

பாதியில் வாசலில் இருமல் கேட்டது. விளக்குக்காரர். அவர் கூலிக்கு விளக்குச் சுமப்பவர். உள்ளே ஜெபம் நடக்கும்போது அவருக்கு வெளியில் வேலை இல்லை.

"சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? நாக்கு வறண்டு போச்சு."

அப்பா எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் வாளியிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு கொண்டுவந்தேன். அவர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏ தாயி, நீ இங்கனயா இருக்க? ஊருக்குப் போயிட்டதாவுல்ல சொன்னாக. எப்ப வந்த?"

"நான் போகவே இல்ல."

"அப்ப நாளெல்லாம் வீடு பூட்டிக் கெடக்கே?"

"உள்ள இருப்பேன்."

பூட்டு வெளியில் தொங்க உள்ளே ஒரு பிள்ளை இருப்பதை அவர் மனதில் ஒருமுறை நடத்திப் பார்த்திருக்க வேண்டும். தம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பாட்டுக்காரம்மா வீட்டுப் பக்கம் போனார்.

ஜெபம் முடிந்ததும் மொத்தத் தெருவும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஆமாம், அந்தச் சனிக்கிழமையும் கூட்டம் வாசல் தாண்டித்தான் நின்றது. பாட்டுக்காரம்மா முன்னால் நின்றார். அழுதுகொண்டிருந்தார்.

"ஏன் சார், நீங்க படிச்சவருதான? பச்சப் புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிப்புட்டுப் போறீகளே, தீக்கீ பிடிச்சா என்ன செய்யும்? கத்துனாக்கூட யாருக்குக் கேக்கும்?"

"நாங்க வாசல்ல நின்னு பேசுனமே, ஐயோ, உள்ள இருந்துச்சே!" என்றார் ஜவுளிக்கடை வீட்டம்மா.

"ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லக் கூடாதா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

அவர்கள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. தீ பிடித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று அப்பா திருப்பிக் கேட்கவில்லை. சுண்ணாம்பு பூசிய சுவரோரம் நின்று, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு திடீரென்று, "எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க" என்றார். வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு அப்போது தெரிந்தது. நான் தம்ளர் தம்ளராக மொண்டு கொடுத்தேன். திட்டிக்கொண்டே வாங்கினார்கள். அந்தத் துவர்ப்பை முகம் சுளிக்காமல் குடித்தார்கள். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. அது மன்னிப்பா இரக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தார். வாசல்படியை மிதித்தார். அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. கட்டி வைத்து அவிழ்க்காமலே கிடந்த என் பெட்டியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அத்தை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். பிள்ளைகள் நிறைய, படுக்க இடம் பிடிக்கச் சண்டை, நாளெல்லாம் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் முதன்முதலாகத் தனியாக இருந்தேன். பூட்டிய வீட்டில் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. அதற்காகக் காத்திருக்க முடிந்தது. இங்கே எதற்காகக் காத்திருப்பது என்று தெரியவில்லை. அப்பா தினமும் பொழுது சாய வந்து தெருவிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

"சாப்டியா?"

"சாப்ட்டேன்ப்பா. நீங்க?"

"ஆச்சு. வரட்டா?"

அவர் பொய் சொல்கிறார் என்று தெரியும். அவருடைய சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

இதற்குள் யாரோ அம்மாவுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். எப்படி எழுதினார்கள் என்று தெரியாது. பிள்ளையைப் பூட்டி வைக்கிறார்கள் என்று படித்த ஒரு தாய் அந்தத் தூரத்தில் என்ன செய்வாள்? ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, ஒரு வருஷம்கூட ஆகாமல் அம்மா திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வெளியூர் என்ன, உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக்கூட வேலைக்குப் போகவில்லை. கேட்டால், "போதும்" என்பாள். அப்பா அதன் பிறகு எதிலும் முடிவு சொல்லமாட்டார், "உங்கம்மாகிட்டக் கேளு" என்பார். அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பல வருஷம் கழித்து வீட்டை விற்றபோது அந்த எனாமல் வாளியைத் தேடினேன், அகப்படவில்லை.

அம்மா வந்த அன்று தெருப் பெண்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். அம்மா இளைத்திருந்தாள், ஆனால் நேராக நின்றாள். அதற்கு முன்னால் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அங்கிருந்து ஆரஞ்சுத் தூள் டப்பா ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதைத் தண்ணீரில் கலந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

"அடியாத்தி, இம்புட்டு ருசியா! பழமே வேணாம் போலருக்கே" என்றார் ஜவுளிக்கடை வீட்டம்மா.

பாட்டுக்காரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எங்கயும் போயிராதத்தா. நீ அங்க என்னென்ன பாடு பட்டியோ, புள்ளைய நெனச்சு நெனச்சு அழுதிருப்ப."

"போகலக்கா" என்றாள் அம்மா. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு அம்மா கொல்லையில் உட்கார்ந்து தம்ளர் கழுவினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்து வைத்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆரஞ்சு மணம் எங்கள் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்க ரொம்ப அழுதீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா வீட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். அப்பா முன்கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உன்ன நெனச்சு அழுதேன்" என்றாள். கொஞ்ச நேரம் தம்ளரையே தேய்த்தாள். "மத்தபடி நல்லா இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லாத. ரொம்ப நல்லா இருந்துச்சு."

நான் அடுத்த தம்ளரை எடுத்துத் துடைத்தேன்.

"அங்க எல்லாரும் என் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாக. டாக்டரு, நோயாளிங்க, வார்டு கூட்டுறவ வரைக்கும். மொத நாளு யாரையோ கூப்புடுறாகன்னு நான் திரும்பிக்கூடப் பாக்கல." அம்மா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் அம்மா வாத்தியார் வீட்டம்மா. அத்தைக்கு "ஏய் இவளே". அப்பாவுக்கு "இந்தாம்மா". என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா ஹெட்மாஸ்டரிடம் சொன்னபோது கேட்டதோடு சரி, அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தம்ளரைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா என்று அடிப்பாள் என்று நினைத்தேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.